செயின் பக்கம்

ஆடுகிறது. சந்தேகமே வேண்டாம், ஆடுகிறது. டபுள் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக உலுக்கினாள் மங்கையர்க்கரசி. உள்ளே எங்கேயோ டக் டக் என்று இடித்தது. மறுபடி உலுக்கினாள். டக் டக். இப்போது பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் முந்தானையை இழுத்தார்கள்? சீட்டு காலியாகக் கிடக்கிறது, வண்டி பாட்டுக்கு ஆடுகிறது. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் போயிருக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த நீள இரும்புக் கையும், கடையில் ஸ்விங் ஆர்ம் என்பார்கள், அதுவும் சேர்ந்து ஆடினால் கோளாறு மூட்டில். கை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் புஷ் என்கிற நைலான் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கையால் சக்கரத்தை அசைத்து, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை அந்த மூட்டில் வைத்துப் பார்த்தாள். விரலுக்கடியில் இரும்பு நகர்ந்தது. கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே நகர்ந்தது. திருவெறும்பூர் மார்க்கெட் தெருவில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ மெக்கானிக்குகள் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் பேசியதெல்லாம் அவள் காதில்தான் விழுந்திருக்கிறது. பந்தி பரிமாறுகிறவளுக்குச் சமையல் கொஞ்சமாவது தெரியாமலா இருக்கும்? மாடியில் அவள் வீட்டுக்காரர் குணசீலன் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு தின்ற களைப்பில் தூங்குகிறார். வெயில் தாழ எழுந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, மகள் ஓவியாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குக் கிளம்புவார். நாற்கரச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, இந்த வண்டியில். அதற்குள் பிரித்து மாட்டிவிட வேண்டும். மாட்ட முடியாவிட்டால் பிரித்தபடியே கிடக்கட்டும், அதுவும் நல்லதுதான்.

ஏன் ஆடுன? அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வல்லத்தில் கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது, துவாக்குடிக்கு முன்னால் ஒரு வளைவில், வண்டியின் பின்பக்கம் தன் பாட்டுக்கு ஒரு வெட்டு வெட்டி, அவள் இடது தோள் தரையில் இடித்துக் கிடந்தாளே, அப்போது. வாயில் மண். பட்டுப்புடவை தொடைவரை கிழிந்து, காலில் ஒரு செருப்பு இல்லை. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அந்த ரப்பர் தீய்ந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது, அந்த டிரைவர் இறங்கி ஓடிவந்து அம்மா அம்மா என்று கத்தினான். யாரோ ஒரு லாரிக்காரன் அம்மா என்கிறான். கட்டினவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்து வந்து, குனிந்து, ஏன் ஆடுன என்கிறார். அடிபட்டுச்சா என்றில்லை. எழுந்திரிக்க முடியுதா என்றில்லை. ஏன் ஆடுன. அதற்கு அவள் பதில் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள், கழுத்தெலும்பு ஒடிந்து மூச்சு விடவே முடியவில்லை. பதில் சொல்லாததே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னார், இவ முந்தானைய இழுத்தா சார், வண்டி ஆடிடுச்சு. பார்க்க வந்த நாத்தனாரிடம் சொன்னார். அவள் உடனே, ஒருச்சாய்ச்சு உக்கார்றவங்க புடிச்சுக்கிட்டு உக்காரணும் அண்ணி என்று புத்தி சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போனாள். பிறகு எலும்பு கூடியது, வலி குறைந்தது, கதை மட்டும் வளர்ந்தது. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் குணசீலன் சொல்லிச் சிரிக்கவைக்கும் கதையாக ஆனது. இவளை ஏத்திக்கிட்டுப் போறதும் ஒண்ணுதான், கோயில் சப்பரத்தைத் தூக்கிட்டுப் போறதும் ஒண்ணுதான் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள், அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஓவியா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அந்தக் கதையை அப்பாவைவிட நன்றாகச் சொல்லப் பழகிவிட்டாள். முந்தானையை இழுக்கிற மாதிரி நடித்து, தொப்பென்று சோபாவில் விழுந்து காட்டுவாள்.

செயின் லாக்கைக் குறட்டால் நெம்பி எடுத்தாள். செயின் அழுக்குப் பிடித்து வழுக்கிக்கொண்டு விழுந்தது. பிரேக் கம்பி, ஆக்ஸில் நட்டு. நட்டு இறுக்கமாக இருந்தது, ஸ்பானரில் காலை வைத்து மிதித்தாள். மிதித்தபோது நாத்தனாரின் ஆப்பிள் ஞாபகம் வந்தது, இன்னும் ஓங்கி மிதித்தாள். கிறீச்சென்று கொடுத்தது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது மாடி ராஜாமணி சார் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். "என்னம்மா, சார் இல்லையா?" என்றார். இருக்கார் என்றாள். "அப்ப நீங்க ஏன்மா இதெல்லாம்? பொம்பளைங்க கையில கிரீஸ் பட்டா போகாது." வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். "அப்புறம் மாட்டத் தெரியுமில்ல?" என்றார். "தெரியாது சார். மாட்டத் தெரியாமத்தான் கழட்டுறேன்" என்றாள் அரசி. அவர் குப்பையைப் போடாமலே மேலே போய்விட்டார் போலிருக்கிறது, பை கையிலேயே இருந்தது. போகட்டும். போய் அவர் பெண்டாட்டியிடம் சொல்லட்டும். சக்கரத்தை உருவி எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அதன் பாரத்தில் இடது தோளில் சுரீரென்றது. எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு மாதிரி மேடு இருக்கிறது. ரவிக்கை தைக்கிற தையல்காரிக்குக்கூட அது தெரியும், வருஷா வருஷம் அளவெடுக்கும்போது, இன்னும் போகலையாக்கா என்று கேட்பாள். அடுத்தது ஷாக்கப்சர். அதைக் கையால் தடவிப் பார்த்தாள். எண்ணெய்க் கசிவு இல்லை, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. இருக்காதா பின்னே? இதை மட்டும் அவர் பார்த்துப் பார்த்து மாற்றிவிடுவார். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்கூட ரெண்டையும் புதுசு போட்டார். அதுதான் அவருக்குப் பெரிய சாட்சி. வண்டில ஒரு குறையும் இல்ல, ஷாக்கப்சர்கூட புதுசு, அப்புறம் எப்படி ஆடும், ஆட்டினாத்தானே ஆடும் என்று எல்லாரிடமும் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஷாக்கப்சர் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டில் ஆடுவதை அது என்ன செய்யும்? இதைக் கவுன்டரில் நிற்கிற தானே அன்றைக்கு யோசிக்கவில்லையே. வெளியே பளபளவென்று தெரிகிறதை மாற்றினால் எல்லாரும் வண்டியே புதுசு என்று நம்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற புஷ்ஷை யார் பார்க்கப் போகிறார்கள்.

போன வாரம் ஓவியா மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இதெல்லாம் இல்லை. சனிக்கிழமை ஒரு வார லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து அப்பாவோடு வந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல், "அப்பா, வளைவுல வண்டி பின்னாடி ஒரு மாதிரி இழுக்குதுப்பா" என்றாள். குணசீலன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீயும் உங்கம்மா மாதிரி ஆடாம உக்காரணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஓவியாவும் சிரித்தாள், பழக்கதோஷம். ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள், "ஏம்மா, நான் ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தானே உக்கார்றேன். சுடிதார்தான் போட்டிருக்கேன். எனக்கு ஏது முந்தானை?" அரசியின் கையில் சப்பாத்திக் கட்டை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஏது முந்தானை. முந்தானை இல்லை, ஒருச்சாய்ப்பு இல்லை, ஆளும் ஒல்லி. ஆனாலும் அதே இழுப்பு. அப்படியென்றால் அன்றைக்கும் அது நான் இல்லையா? அந்த எண்ணம் வந்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்தான், தோசைக்கல்லில் சப்பாத்தி உப்புகிற நேரம். அப்புறம்தான் உறைத்தது. என் பெண் அதே சீட்டில் உட்கார்ந்து அதே ரோட்டில் வந்திருக்கிறாள். அப்புறம் கோபம் வந்தது, வந்தது அப்படியே தங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கடையில் யார் என்ன கேட்டாலும் வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னாள், முதலாளியே, என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நேற்று கடையை மூடும்போது, இந்த வண்டிக்கான புஷ் செட்டையும் ஒரு டப்பா கிரீஸையும் துரு விடுகிற ஸ்பிரேயையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். குணசீலனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

ஆனால் முந்தானையை இழுத்தது நிஜம். இதுதான் அவளை விடாமல் அரிக்கிறது. ஷாக்கப்சரின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றும்போதும் அரித்தது. அன்றைக்கு இழுத்தாள்தான். காற்றில் முந்தானை பறந்தது, சக்கரத்தில் மாட்டினால் ஆபத்து என்று வலது கையால் பிடித்து இழுத்து இடுப்பில் சொருகினாள். சொருகும்போது உடம்பு அசைந்திருக்கும். எவ்வளவு அசைந்திருக்கும்? அந்தக் காட்சியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது, கடையில் பாக்கெட்டுகளை அடுக்கும்போது, தூக்கம் வராமல் புரளும்போது. சொருகினது முன்னாலா, வெட்டினது முன்னாலா? சில சமயம் சொருகி முடித்து, கை மடியில் வந்த பிறகுதான் வண்டி வெட்டியது என்று தெளிவாகத் தெரியும். சில சமயம் அவள் அசைந்த அசைவில்தான் வெட்டியது என்று தோன்றும், அப்போது தன்மேலேயே வெறுப்பாக வரும். நினைக்க நினைக்க ஞாபகமும் தேய்ந்துபோய், எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவர் சொன்னதையே நம்பினாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. கடைக்கு டவுன் பஸ், கல்யாணத்துக்கு டவுன் பஸ், மழையில் நனைந்துகொண்டு ஸ்டாப்பில் நிற்பாள், அவர் வண்டியில் தாண்டிப் போவார், ஹாரன் அடித்துவிட்டுப் போவார். உனக்கே பயமா இருக்குன்னா நான் என்ன செய்யட்டும் என்பார். பயந்தது வண்டிக்கு இல்லை. தன் உடம்புக்குப் பயந்தாள். தன் உடம்பு எங்கே இருந்தாலும் அது ஒன்றைச் சாய்த்துவிடும் என்று பயந்தாள். ஓவியாவைச் சின்ன வயதில் இடுப்பில் வைத்துப் படி இறங்கும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை. ஒரு மனுஷியை அவள் உடம்பையே நம்பாமல் செய்துவிட்டு, அதைச் சொல்லிக் காதுகுத்தில் சிரிக்கிறார்கள்.

கடைசியாக அந்த நீளப் போல்ட். வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை மூட்டின் ஊடே போவது அதுதான், அதை உருவினால்தான் ஸ்விங் ஆர்ம் வெளியே வரும். நட்டு கழன்றுவிட்டது. போல்ட் இம்மியும் நகரவில்லை. ஸ்பிரே அடித்தாள், காத்திருந்தாள், சுத்தியலால் தட்டினாள், ஓங்கித் தட்டினாள், பார்க்கிங் முழுக்க அதிர்ந்தது. மாடி ஜன்னலைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறவரை இந்தச் சத்தத்தால் எழுப்ப முடியவில்லை, ஆனால் பெண்டாட்டி சேலையை இழுத்தது மட்டும் தெரிந்துவிடும். ஃபோனை எடுத்து சவரிமுத்துவைக் கூப்பிட்டாள். சவரிமுத்து அவர்களுக்குப் பழைய மெக்கானிக். குணசீலன் இந்த வண்டியை வாங்கின நாளிலிருந்து அவனிடம்தான் விடுவார், பிறகு என்னமோ பிடிக்காமல் நிறுத்திவிட்டார். அவன் வேலை இப்பல்லாம் சரியில்ல என்று ஒருநாள் சொன்னதாக ஞாபகம். அரசிக்கு மட்டும் அவனோடு பழக்கம் விடவில்லை, சாமான் வாங்க வாரம் ஒருதரமாவது கவுன்டருக்கு வருவான். எங்கேயோ ஞானஸ்நான விருந்தில் இருந்தான், பின்னால் ஒரே கூச்சல். "என்னக்கா?" என்றான். விஷயத்தைச் சொன்னாள். சிரித்தான். "அக்கா, நீங்களே இறங்கிட்டீங்களா! நட்ட முழுசா எடுத்துட்டீங்களா? எடுக்காதீங்க. போல்ட் நுனியோட சமமா வர்ற வரைக்கும் திருப்பி மாட்டுங்க, அப்பத்தான் அடிக்கும்போது மரை நசுங்காது. மேல மரக்கட்டை வச்சு அடிங்க. அந்தப் பக்கம் போல்ட் தலையில ஸ்பானர் போட்டு முதல்ல லேசா திருகி விடுங்க. துரு வுட்டுருச்சுன்னா வந்துரும்." சரி என்றாள். ஃபோனை வைக்கப் போனாள். அவன் விடவில்லை. "அது அப்பவே துருக்கா. நான் அப்பவே சார்கிட்ட சொன்னேனே, ஷாக்கப்சர் மட்டும் போட்டாப் பத்தாது சார், புஷ் சுத்தமா போயிருச்சு, வண்டி வளைவுல வெட்டும், ஒருநாள் விட்டுட்டுப் போங்கன்னு. கல்யாணத்துக்குப் போகணும், போயிட்டு வந்து விடுறேன்னாரு." எந்தக் கல்யாணத்துக்கு என்று கேட்டாள் அரசி. கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "வல்லம் கல்யாணந்தான். அதுலதானக்கா நீங்க விழுந்தீங்க. அதுக்கப்புறம் சார் என் பக்கமே வரல. நானும் சங்கடத்துல கேட்டுக்கல. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு..." தெரியும் சவரிமுத்து, நீ சாப்பிடு என்றாள். ஃபோனை சக்கரத்தின்மேல் வைத்தாள்.

தெரியும். தெரிந்தே ஏற்றியிருக்கிறான். மனசுக்குள் முதல் தடவையாக அவன் என்று வந்தது, அவர் என்பது எங்கோ கழன்று விழுந்துவிட்டது, அதைத் தேடி எடுத்து மாட்ட அவளுக்கு மனமில்லை. வண்டி வெட்டும் என்று தெரியும். தெரிந்தே பட்டுப்புடவையோடு ஒருச்சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கிறான். சரி, போகட்டும், எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும்தான் நினைக்கிறோம், கேஸ் ட்யூபை மாற்றாமல் தானும்தான் தள்ளிப்போட்டிருக்கிறாள். அதை மன்னித்துவிடலாம். ஆனால் ஏன் ஆடுன என்று கேட்டானே. மண்ணில் கிடந்தவளிடம் குனிந்து அதைத்தானே முதலில் கேட்டான். எழுந்து நாலு அடி நடந்து வருவதற்குள் யோசித்துவிட்டானா? அந்த நாலு அடிக்குள் ஒரு மனுஷனால் அவ்வளவு யோசிக்க முடியுமா? இல்லை, பயத்தில் வாயில் வந்திருக்கும். வாயில் வந்தது வந்ததுதான், அதைப் பிறகு திருத்தியிருக்கலாமே. கட்டுப்போட்டுக்கொண்டு கிடந்தபோது சொல்லியிருக்கலாம். ஆப்பிளோடு அவன் தங்கை வந்தபோது சொல்லியிருக்கலாம். முதல் தடவை யாராவது சிரித்தபோதாவது சொல்லியிருக்கலாம். சவரிமுத்துவின் வேலை சரியில்லையாம்! அவன் வாய்தான் சரியில்லை, உண்மையைச் சொல்லிவிடும், அதனால் இவன் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இந்தக் குணசீலன் தான் வேலை பார்க்கிற பட்டறையில் சூப்பர்வைசர். வெல்டிங்கில் ஒரு நூல் கோணல் இருந்தால் வேலையைத் திருப்பி அனுப்புவான், அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொல்லுவான், கோணல்னா கோணல்தான், நமக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது என்பான். மரக்கட்டையை வைத்து அடித்தாள். ஆள் பார்த்து. அடித்தாள். பேசத் தெரியாது. இடது தோள் முழுக்க விண்விண்ணென்று தெறித்தது, அதையும் சேர்த்து அடித்தாள். மூன்றாவதோ நாலாவதோ அடியில், செம்மண் நிறத்தில் தூள் உதிர்ந்து, போல்ட் நகர்ந்தது. அதற்குமேல் அதைக் கையாலேயே உருவ முடிந்தது.

ஸ்விங் ஆர்மை வெளியே எடுத்து மடியில் கிடத்தினாள், நைட்டி பாழானது. உள்ளே கிரீஸ் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை, காய்ந்த கறுப்புப் பொருக்குதான் இருந்தது. ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டி, வலது பக்கத்துப் புஷ்ஷை வெளியே தள்ளினாள். வெள்ளை நைலான், பழுப்பாகிப் போயிருந்தது, ஆனால் வட்டம் கெடவில்லை, அவ்வளவு மோசமில்லை. இடது பக்கத்தைத் தள்ளினாள். அது துண்டாகவே விழுந்தது. ஒரு பக்கம் அட்டை மாதிரி மெலிந்து, வட்டமாக இருக்க வேண்டியது நீளமாக இழுபட்டு, ஓரத்தில் பிளந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இடது பக்கம். அவள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த பக்கம். கல்யாணமானதிலிருந்து இடது பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள். பார்த்தியா, உன் பக்கம்தான் தேஞ்சிருக்கு, நான் சொன்னேன்ல என்பான். அந்தச் சிரிப்போடு சொல்லுவான். இதை அடுத்த கல்யாணத்தில் கதையோடு சேர்த்துக்கொள்வான். புஷ்ஷைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை ஓங்கியது. பிறகு நிதானித்தாள். இல்லை. செயின் எந்தப் பக்கம் ஓடுகிறது? இடது பக்கம். எஞ்சின் ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் அந்தப் பக்கத்தைத்தான் முன்னால் இழுக்கிறது. செயின் சைடு புஷ் மட்டும் தனியா கிடைக்குமாக்கா என்று கவுன்டரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், தனியா வராதுப்பா, செட்டாத்தான் வரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆம்பிளைகள் மட்டுமே ஓட்டுகிற பால் வண்டியிலும் அந்தப் பக்கம்தான் முதலில் போகிறது. சொல்லட்டும். உன் பக்கம் என்று வாயைத் திறக்கட்டும். அதற்குத் தயாராக ஒரு பதிலை, கூர்மையாக, அவன் ஆயுசுக்கும் மறக்க முடியாத மாதிரி, மனசுக்குள் திருப்பித் திருப்பித் தீட்டிக்கொண்டே புதிய புஷ்களுக்குக் கிரீஸ் தடவினாள். உள்ளே போகிற இரும்புக் குழாய்களுக்கும் தடவினாள், போல்ட்டுக்கும் தாராளமாகத் தடவினாள். கட்டை வைத்துத் தட்டியதும் புஷ் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவ்வளவு கோபத்திலும் எதையும் மாற்றி மாட்டவில்லை. ஆர்மைத் தூக்கிப் பொருத்தி, போல்ட்டைக் கொடுத்து, நட்டு முறுக்கி, ஷாக்கப்சர், சக்கரம், செயின், பிரேக் கம்பி. செயின் லாக்கின் திறந்த பக்கம் பின்னால் பார்க்க வேண்டும், அதையும் பார்த்தாள். எல்லாம் முடிந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். சத்தமே இல்லை. கல்லில் நட்ட மாதிரி நின்றது.

"யாரு பிரிக்கச் சொன்னா?" குணசீலன் படியில் நின்றான். முகம் கழுவி, சட்டை மாற்றி, பவுடர்கூடப் போட்டிருந்தான். அரசி எழுந்திருக்கவில்லை. தேய்ந்த புஷ்ஷைத் தரையில் அவன் காலுக்கு முன்னால் வைத்தாள். எடுக்க மாட்டான் என்று நினைத்தாள். எடுத்தான். பட்டறைக் கை சும்மா இருக்காது, விரலிடுக்கில் உருட்டினான், வெளிச்சத்தில் பிடித்தான், பிளந்த ஓரத்தை நகத்தால் நெருடினான். சொல்லு, உன் பக்கம் என்று சொல்லு. அவள் நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது.

"செயின் பக்கம்" என்றான் மெதுவாக. "இதுதான் முதல்ல போகும்."

தீட்டி வைத்திருந்தது அத்தனையும் வீணாகப் போனது. இரும்பைப் பற்றி அவனால் பொய் சொல்ல முடியவில்லை. அவளைப் பற்றித்தான் முடிந்திருக்கிறது. இதைவிட அவன் சிரித்திருக்கலாம்.

"சவரிமுத்துகிட்டப் பேசுனேன்" என்றாள்.

குணசீலன் புஷ்ஷைப் பார்த்தபடியே நின்றான். இல்லை என்று சொல்லவில்லை, அவன் கெடக்கான் என்று சொல்லவில்லை. குரலை இறக்கிக் கேட்டான். "பாப்பாகிட்ட சொல்லிட்டியா?"

பாப்பாகிட்ட. தோள் எப்படி இருக்கு என்றில்லை, தப்பாப் போச்சு அரசி என்றில்லை. அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது, இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காதது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் பழைய பாவம் பார்க்கிற புத்தி தலை தூக்கியது. விட்டுவிடு, அப்பன் மகள் நடுவில் எதற்கு, வண்டிதான் சரியாகிவிட்டதே. அப்படித் தோன்றியதற்காகவே ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது. மாடிப்படியில் ஓவியா பையோடு தடதடவென்று இறங்கிவந்தாள். "கிளம்பலாமாப்பா? ஐயோ, அம்மா, என்ன இது, முகமெல்லாம் கிரீஸ்!" என்று சிரித்தாள். குணசீலன் சாவிக்குக் கையை நீட்டினான். அரசி சாவியைக் கொடுக்கவில்லை.

"அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் மகளிடம். "வல்லம் கல்யாணத்தப் பத்தி. அத சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு."

ஓவியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குணசீலன் மேலே பார்த்தான், தெருவைப் பார்த்தான். அரசி உதவிக்கு வரவில்லை. ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அழுக்குக் கையில் சாவியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு உங்கம்மா ஆடல" என்றான். "வண்டிதான் ஆடுச்சு. புஷ் போயிருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

இதைக் கேட்கத்தான் அவள் அத்தனை வருஷம் டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். கேட்டதும் கோபம் ஆறிவிடும் என்று எதிர்பார்த்தாள். ஆறவில்லை. ஓவியா பையைத் தரையில் வைத்தாள். அம்மாவிடம் வரவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் அடி வாங்கினால் அழுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்ப நான் சோபாவுல விழுந்து விழுந்து நடிச்சுக் காட்டுனப்பல்லாம்," என்றாள், "தெரிஞ்சேதான் கை தட்டுனீங்களாப்பா?"

மத்தியானம் முழுக்கப் பிரித்துப் பிரித்து யோசித்தவளுக்கு அந்தக் கேள்வி மட்டும் தோன்றவே இல்லை.